பழைய டி-ஷர்ட்டுக்கு எப்போது விடை கொடுக்கலாம்? காந்தி உடை மாற்றிய ஊரிலிருந்து ஒரு கணக்கு

உங்கள் பீரோவில் மொத்தம் எத்தனை டி-ஷர்ட் இருக்கிறது? எண்ணிப் பார்க்காமல் ஒரு எண் சொல்லுங்கள். அப்புறம் போய் எண்ணுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது எண்தான் பெரிதாக இருக்கும். அதிலும் வாரா வாரம் மாறி மாறிப் போடுவது ஏழெட்டுதான். மிச்சமெல்லாம் அடியில் மடித்த மடிப்போடு தூங்கிக்கொண்டிருக்கும்.

காலேஜ் சிம்போசியத்தில் கொடுத்தது, முதல் கம்பெனியில் சேர்ந்த அன்று கொடுத்தது, மாரத்தான் ஓடியதற்குக் கொடுத்தது, 'ரெண்டு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ'யில் வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. சட்டை கிழிந்தால் தூக்கிப் போடுகிறோம். டி-ஷர்ட் மட்டும் லேசில் கிழிவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தொளதொளத்து, வெளுத்து, பதவி இறங்கிக்கொண்டே வரும். அதனால்தான் 'இது போதும், விட்டுவிடலாம்' என்று முடிவெடுப்பது கஷ்டமாக இருக்கிறது.

அந்த முடிவை எப்படி எடுப்பது, எடுத்த பிறகு டி-ஷர்ட் எங்கே போகும் என்று பார்ப்போம்.

ஒரே கேள்வி இல்லை, மூன்று கேள்விகள்

'வச்சுக்கிறதா, விடுறதா?' என்று ஒரே கேள்வியாகக் கேட்பதால்தான் குழப்பம் வருகிறது. உண்மையில் இதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன.

1. துணி இன்னும் உயிரோடு இருக்கிறதா?
2. நான் இதைப் போடுகிறேனா?
3. இது எனக்கு ஏதாவது அர்த்தம் உள்ளதா?

துணி நன்றாக இருந்தும் நீங்கள் போடாத டி-ஷர்ட் வேறு ஒருவருக்குப் போக வேண்டியது. துணி செத்துப்போன டி-ஷர்ட் யாருக்கும் போகக் கூடாது, அதன் இடம் கரித்துணிக் கூடை. துணியும் போய், போடவும் முடியாமல், ஆனால் மனசு விட மறுக்கிற டி-ஷர்ட் மூன்றாவது ரகம். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தப்பு.

துணி உயிரோடு இருக்கிறதா? ஐந்து சோதனைகள்

டி-ஷர்ட் துணி நெய்வது அல்ல, பின்னுவது. சட்டைத் துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். டி-ஷர்ட்டில் நூல் கண்ணி கண்ணியாகக் கோத்திருக்கும். இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்குவது அதனால்தான். வயதாவது என்றால் அந்தக் கண்ணிகள் பழைய நிலைக்குத் திரும்ப மறுப்பது.

வெளிச்சச் சோதனை: டி-ஷர்ட்டுக்குள் கையை விட்டு டியூப்லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள். ஒற்றை மடிப்பில் விரல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தால் துணி தேய்ந்துவிட்டது. புதிது வாங்கும்போது 180 ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 180 கிராம் என்று அர்த்தம். துவைக்கத் துவைக்க இழை உதிர்ந்து அந்த எடை குறைகிறது. ஆனால் சில டி-ஷர்ட்கள் வாங்கும்போதே மெல்லியவை. எனவே புதிதில் எப்படி இருந்தது என்பதையும் நினைவில் வைத்துப் பாருங்கள்.

கழுத்துச் சோதனை: ரவுண்ட் நெக் கழுத்துப் பட்டி 'ரிப்' பின்னலில் செய்யப்படுவது. பலவற்றில் கொஞ்சம் லைக்ராவும் சேர்ந்திருக்கும். சூடு பட்டால் லைக்ரா சீக்கிரம் தளரும். பட்டியை இரண்டு விரலால் இழுத்து விடுங்கள். திரும்பிச் சுருங்கினால் ஆயுள் இருக்கிறது. அலை அலையாக நின்றுவிட்டால் வெளியே போடும் காலம் முடிந்தது.

அக்குள் சோதனை: வெள்ளை டி-ஷர்ட்டில் வரும் மஞ்சள் கறைக்கு வெறும் வியர்வை மட்டும் காரணம் இல்லை. வியர்வையை அடக்கும் டியோடரன்ட்களில் உள்ள அலுமினிய உப்பு வியர்வையோடு சேர்வதும் முக்கியக் காரணம். குளோரின் பிளீச் ஊற்றினால் மஞ்சள் இன்னும் கூடலாம். வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். துணியே விறைத்து மொடமொடவென்று ஆகியிருந்தால் மீட்பது கஷ்டம்.

வாசனைச் சோதனை: நன்றாகத் துவைத்துக் காயவைத்த டி-ஷர்ட், போட்டுப் பத்து நிமிஷத்தில் பழைய நாற்றம் அடிக்கிறதா? பெரும்பாலும் அது பாலியஸ்டர் கலந்ததாக இருக்கும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பேரைக் கடுமையாக சைக்கிள் மிதிக்கவைத்து, அவர்கள் போட்டிருந்த டி-ஷர்ட்களைச் சோதித்தார்கள். 2014-ல் வெளியான அந்த ஆய்வில், பருத்தியைவிட பாலியஸ்டர் டி-ஷர்ட்களில்தான் நாற்றம் அதிகம் என்று தெரியவந்தது. நாற்றத்தோடு தொடர்புள்ள மைக்ரோகாக்கஸ் பாக்டீரியா பாலியஸ்டரில் நன்றாக வளர்ந்திருந்தது. மதுரை வெயிலில் பாலியஸ்டர் டி-ஷர்ட் போட்டு பைபாஸ் ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை ஆய்வு செய்து சொல்லத் தேவையில்லை.

ஓட்டைச் சோதனை: அடிவயிற்றுப் பக்கம் குண்டூசி முனை அளவு ஓட்டைகள் இருக்கிறதா? பூச்சி அரித்தது என்று நினைப்போம். பல நேரம் அது பெல்ட் பக்கிளும் ஜீன்ஸ் பட்டனும் உரசியது. பின்னல் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்துக் கண்ணியும் இறங்கும். ஒன்றிரண்டு இருந்தால் ஊசி நூலால் பிடித்துவிடலாம். கொத்தாக இருந்தால் விட்டுவிடலாம்.

மேலே உருண்டை உருண்டையாகத் திரளும் பஞ்சு மட்டும் விடை கொடுக்கக் காரணம் இல்லை. அது தளர்ந்த குட்டை இழைகள் முடிச்சுப் போட்டுக்கொள்வது. அதை மழித்து எடுத்துவிட்டால் டி-ஷர்ட் இன்னும் ஒரு வருஷம் ஓடும்.

உப்புத் தண்ணியும் மொட்டை மாடியும்

நம் ஊரில் டி-ஷர்ட் சீக்கிரம் கிழடாவதற்கு உள்ளூர்க் காரணங்களும் உண்டு. போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்பு அதிகம். சோப்பு அதோடு சேர்ந்து படிவாகித் துணியில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை சாம்பல் நிறமாவதும், துண்டு சொரசொரப்பாவதும் அதனால்தான். உப்புத் தண்ணீரில் பவுடரைக் கூடுதலாகக் கொட்டுவதைவிட, கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில் செய்வது பலன் தரும்.

இரண்டாவது, மொட்டை மாடி வெயில். கறுப்பு டி-ஷர்ட்டை நேர் வெயிலில் போட்டால் ஒரே கோடையில் காக்கி நிறம் எட்டிப் பார்க்கும். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள். தோள்பட்டையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் ஈரத்தின் எடை கழுத்தையும் தோளையும் இழுக்கும். கொடியில் நடுவாக மடித்துப் போடுவது நல்லது. ரப்பர் பிரிண்ட் மேல் அயர்ன் பாக்ஸை வைக்காதீர்கள்.

இதெல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பிரிட்டனின் 'ராப்' அமைப்பு 2012-ல் போட்ட கணக்குப்படி, ஒரு உடையைக் கூடுதலாக 9 மாதம் பயன்படுத்தினாலே அதன் கார்பன், தண்ணீர், கழிவுச் சுமை 20 முதல் 30 சதவீதம் குறைகிறது. ஒரு பருத்தி டி-ஷர்ட் உருவாகச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் தேவை என்கிறது உலக இயற்கை நிதியம். நாளைக்கு 3 லிட்டர் குடிக்கும் ஒருவருக்கு அது கிட்டத்தட்ட இரண்டரை வருஷக் குடிநீர். கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன பாட்டிகளுக்கு இந்தக் கணக்கு தெரியாது, ஆனால் விடை தெரிந்திருந்தது.

போடவே இல்லை, ஆனாலும் விட மனசில்லை. ஏன்?

பொருளாதார நிபுணர்கள் இதை 'உடைமை விளைவு' என்கிறார்கள். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரண காபி கோப்பையைக் கொடுத்தார்கள். கையில் கோப்பை இருந்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, இல்லாதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல் சுமார் இரண்டு மடங்கு. கோப்பை ஒன்றுதான். 'என்னுது' என்றானதும் மதிப்பு ஏறிவிட்டது. சில நிமிஷம் கையில் இருந்த கோப்பைக்கே இப்படி என்றால், ஆறு வருஷம் உடம்பில் இருந்த டி-ஷர்ட்டைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

இதிலிருந்து ஒரு எளிய கேள்வி கிடைக்கிறது. 'இதே டி-ஷர்ட், இதே நிலைமையில், விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் தொங்கினால் ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்குவேனா?' இல்லை என்றால் நீங்கள் பிடித்து வைத்திருப்பது துணியை அல்ல, 'என்னுது' என்ற எண்ணத்தை.

அதற்காக நினைவுகளுக்கு மதிப்பில்லை என்று அர்த்தமில்லை. அலங்காநல்லூரில் மாடுபிடி வீரர்களுக்குச் சுற்றுக்கு ஒரு நிறத்தில் நம்பர் போட்ட டி-ஷர்ட் கொடுப்பார்கள். அதை அணிந்து வாடிவாசல் முன்னால் நின்றவர், கொம்பில் கிழிந்த அந்த டி-ஷர்ட்டை வைத்திருந்தால் யார் கேள்வி கேட்க முடியும்? அதற்குத் துணிக்கான சோதனைகள் பொருந்தாது. அது உடை அல்ல, சான்றிதழ்.

பிரச்சினை, எல்லா டி-ஷர்ட்டையும் அந்த வரிசையில் சேர்ப்பதுதான். இதற்கும் ஒரு ஆய்வு வழி சொல்கிறது. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக விடுதிகளில் நன்கொடை சேகரித்தபோது, சில விடுதிகளில் மட்டும் 'நினைவுப் பொருளைப் போட்டோ எடுத்துவிட்டுப் பொருளைக் கொடுங்கள்' என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மற்ற விடுதிகளில் 533 பொருட்கள் வந்தன. போட்டோ யோசனை சொன்ன இடங்களில் 613. அதாவது 15 சதவீதம் அதிகம். 2017-ல் வெளியான இந்த ஆய்வின் சாரம்: பல நேரம் நாம் இழக்கப் பயப்படுவது பொருளை அல்ல, அதோடு போய்விடும் ஞாபகத்தை. போட்டோ இருந்தால் அந்தப் பயம் குறைகிறது. போன் கையில்தானே இருக்கிறது?

காந்தி வைத்த தேதி

உடையைத் துறப்பது பற்றி எழுதும்போது மதுரையில் ஒருவரைத் தாண்டிப் போக முடியாது. 1921 செப்டம்பரில் மதுரைக்கு ரயிலில் வந்துகொண்டிருந்த காந்தி, சக பயணிகளிடம் கதர் பற்றிப் பேசினார். கதர் வாங்க வசதியில்லை, நாங்கள் ஏழைகள் என்று பதில் வந்தது. தன் உடம்பில் தொப்பி, மேலாடை, முழு வேட்டி என்று எல்லாம் இருக்க, அவர்களிடம் என்ன சொல்வது என்ற கேள்வி அவரை விடவில்லை. செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில் அரையாடைக்கு மாறினார். அந்தக் கோலத்தில் அவர் மக்கள் முன் வந்த இடம்தான் இன்று காமராஜர் சாலையில் இருக்கும் காந்தி பொட்டல்.

பலருக்குத் தெரியாத ஒரு விவரம் உண்டு. அவர் அதை அன்றே ஆயுள் முழுமைக்கும் என்று அறிவிக்கவில்லை. குறைந்தபட்சம் அக்டோபர் 31 வரை என்றுதான் தேதி வைத்தார். அதன்பின் பழைய உடைக்குத் திரும்பவே இல்லை.

அவருடைய காரணம் பெரியது, நம்முடையது பீரோ இடப் பிரச்சினை. ஆனாலும் தேதி வைக்கும் முறை நமக்கும் உதவும். முடிவெடுக்க முடியாத டி-ஷர்ட்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே தேதி எழுதி, பரண் மேல் வையுங்கள். ஆறு மாதத்தில் எதையாவது தேடி எடுத்தால் அது உங்களுடையது. பெட்டியில் என்ன இருக்கிறது என்றே மறந்துவிட்டால் பதில் கிடைத்துவிட்டது.

இன்னொன்றையும் இதே ஊரில் பார்க்கலாம். தமுக்கம் மைதானத்தை ஒட்டி, ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-ல் திறக்கப்பட்ட காந்தி அருங்காட்சியகத்தில், 1948 ஜனவரி 30 அன்று அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி பாதுகாக்கப்படுகிறது. துணியை விடுவதற்கும் வைத்துக்கொள்வதற்கும், இரண்டுக்குமே மதுரையில் சாட்சி இருக்கிறது.

சரி, விட்டாச்சு. எங்கே கொடுப்பது?

முதலில், எங்கே கொடுக்கக் கூடாது என்று பார்த்துவிடலாம். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரத்துக்கு நாடு முழுவதிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணிகள் வந்தன. கிழிந்தவை, அழுக்கானவை, அங்குள்ள மக்கள் உடுத்தவே முடியாதவை எல்லாம் அதில் இருந்தன. பெருமளவு துணி சாலையோரங்களில் குவிந்து கிடந்தது. அன்ஷு குப்தா 1999-ல் 67 உடைகளோடு தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு, அந்தக் குவியலைப் பிரித்து மறுபயன்பாட்டுக்குக் கொண்டுபோகும் வேலையைச் செய்தது. எல்லாவற்றையும் இழந்து நின்றவர்கள் முன்னால் நாம் நம் குப்பையைக் கொட்டியிருந்தோம் என்பதுதான் இதன் அர்த்தம்.

எனவே விதி இதுதான்: உங்கள் தம்பிக்கோ அக்கா மகனுக்கோ கொடுக்கத் தயங்கும் டி-ஷர்ட்டை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

நல்ல துணி, எனக்குத்தான் வேண்டாம்: துவைத்து, மடித்து, சைஸ் வாரியாகப் பிரியுங்கள். காப்பகங்களுக்குக் கொண்டுபோகும் முன் போன் செய்து என்ன தேவை, எந்த வயசுக்கு என்று கேளுங்கள். பல இடங்களில் குழந்தைகளுக்கான அளவு தேவைப்படும், நம் கையில் இருப்பதோ எக்ஸ்எல். 2018-ல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் 'அன்புச் சுவர்' திறந்தார்கள். வேண்டாதவர் வைக்கலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். யாரும் யார் முகத்தையும் பார்த்து வாங்க வேண்டியதில்லை என்பது அதில் நல்ல அம்சம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் கொடுப்பதாக இருந்தால், "உங்க பையனுக்கு ஆகுமாக்கா?" என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கும் உண்டு.

அளவு மட்டும் சரியில்லை: தையல்காரரிடம் போங்கள். புது மண்டபத் தூண்களுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாகத் தையல் மிஷின் ஓடிய ஊர் இது. அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கின்றன. பக்கவாட்டில் பிடிப்பதும் கையைக் குறைப்பதும் சின்ன வேலை. பின்னல் துணிக்கு ஓவர்லாக் மிஷின் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

துணி செத்துவிட்டது, ஆனால் பருத்தி: இதற்குத்தான் வீட்டில் வேலை அதிகம். பழைய பருத்திப் பின்னல் தண்ணீரை நன்றாக உறிஞ்சும், கீறல் விழாது. அதனால்தான் டூவீலர் ஒர்க்ஷாப்பிலும் அச்சகத்திலும் 'பனியன் வேஸ்ட்' கிலோ கணக்கில் வாங்குகிறார்கள். நீங்கள் வீட்டிலேயே அதைத் தயாரிக்கலாம். பிரிண்ட் உள்ள பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கைக்குட்டை அளவுக்கு வெட்டினால் வண்டி துடைக்க, ஃபேன் துடைக்க, அடுப்படிக் கரித்துணிக்கு ஆகும். கையையும் கழுத்தையும் வெட்டிவிட்டு அடியைத் தைத்தால் காய்கறிப் பை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது, உங்களுடையது கறுப்புப் பையாக இருந்தால் யாரும் கோபிக்கப் போவதில்லை. பின்னல் துணி இழுக்கும் என்பதால் ரெண்டு கிலோவுக்கு மேல் போடாதீர்கள்.

பாலியஸ்டர், அதுவும் போய்விட்டது: இதுதான் சிக்கல். தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது, மக்காது. போகியன்று எரிப்பதும் வழியில்லை. பாலியஸ்டர் ஒரு பிளாஸ்டிக், எரித்தால் நச்சுப் புகைதான். பிளாஸ்டிக், டயர், செயற்கை இழைத் துணிகளை எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போகி தோறும் கேட்டுக்கொள்கிறது. ஒட்டடை அடிக்க, வண்டிக்கு உறை போட, தலையணைக்குள் அடைக்க என்று முடிந்தவரை பயன்படுத்திவிட்டு, கடைசியில் உலர் குப்பையாகத் தனியே கொடுங்கள். சாக்கடைப் பக்கம் மட்டும் போகவிடாதீர்கள், துணி சிக்கினால் அடைப்பு நிச்சயம்.

'ரீசைக்கிள் பண்ணிருவாங்கல்ல?'

ஓரளவுக்குத்தான். திருப்பூரில் வெட்டும்போது விழும் துண்டுகள் பிரித்து, அரைத்து, மறுபடி நூலாகின்றன. அவை புதுத் துணி, ஒரே நிறம், கலப்பு என்னவென்று தெரியும் என்பதால் அது சாத்தியம். உங்கள் பழைய டி-ஷர்ட்டில் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்திருக்கும், மேலே ரப்பர் பிரிண்ட், கழுத்தில் லைக்ரா. பிரிப்பதே பெரும்பாடு. உலக அளவில் உடைக்குப் போகும் மூலப்பொருளில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே மறுசுழற்சியாகிப் புது உடையாகிறது என்று எலன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-ல் கணக்கிட்டது.

மிச்சம் எங்கே போகிறது? மேற்கு நாடுகளின் பழைய துணிகளில் கணிசமானவை கானா நாட்டின் கன்டமான்டோ சந்தை போன்ற இடங்களுக்குப் போகின்றன. அங்கே அவற்றுக்கு உள்ளூர் மொழியில் ஒரு பெயர் உண்டு. 'செத்துப்போன வெள்ளைக்காரனின் துணி' என்று அர்த்தம். உயிரோடு இருக்கும் ஒருவர் இவ்வளவு துணியை விட்டுக்கொடுப்பார் என்று அவர்களால் முதலில் நம்ப முடியவில்லை. நம் ஊரில் மிஞ்சும் துணி வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கு போன்ற இடங்களுக்குத்தான் போகும். காற்றில்லாமல் புதைந்த பருத்தி மீத்தேன் வாயுவை விடும். பாலியஸ்டர் அப்படியே கிடக்கும்.

சுருக்கமாக

- துணி நன்றாக இருந்து ஒரு வருஷமாகப் போடவில்லை என்றால், கேட்டுவிட்டு வேறொருவருக்குக் கொடுங்கள்.
- கழுத்து அலைந்து, துணி மெலிந்திருந்தால், வீட்டு உடுப்பு அல்லது இரவு உடுப்பு.
- ஓட்டையும் போகாத நாற்றமும் வந்துவிட்டால், அன்றே கத்தரி எடுங்கள். 'அப்புறம் வெட்டலாம்' என்று வைத்தால் மறுபடி பீரோவுக்குள் போய்விடும்.
- நினைவு டி-ஷர்ட்டுக்கு ஒரு எண்ணிக்கை வையுங்கள். மூன்றோ ஐந்தோ, உங்கள் இஷ்டம். ஆறாவது வந்தால் ஒன்றுக்குப் போட்டோ.
- முடிவெடுக்க முடியாததற்குப் பெட்டியும் தேதியும்.

கடைசியாக ஒன்று. எந்தப் பழைய டி-ஷர்ட்டை விடுவது என்ற கேள்வி, புதிது வாங்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. லேபிளில் பருத்தி எவ்வளவு, பாலியஸ்டர் எவ்வளவு என்று பாருங்கள். கழுத்தை இழுத்துப் பாருங்கள். இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்பதற்காகச் சைஸ் ஆகாத டி-ஷர்ட்டை வாங்கி வராதீர்கள். "எனக்கு வேண்டாண்ணே, வேற யாருக்காச்சும் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால், ஐந்து வருஷம் கழித்து பீரோ முன்னால் நின்று யோசிக்கும் வேலை ஒன்று மிச்சம்.